நாலாவது தட்டு

சர்க்கரை நோய்க்காரருக்குச் செருப்பு வாங்குவது லேசான வேலை இல்லை. கடையில் தொங்குவதை எடுத்து மாட்டிக்கொண்டு வந்துவிட முடியாது. பாதத்தைச் செய்தித்தாளின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றிக் கோடு போட வேண்டும். உள்ளே மெத்தென்ற ரப்பர் வைக்க வேண்டும், விரலிடுக்கில் வார் உரசக் கூடாது, குதிகாலுக்குப் பின்னால் ஒரு பட்டை வேண்டும். டெரிக்குக்கு நான் வேலூரில் சொல்லித் தைத்து வாங்குவேன். வருடத்துக்கு இரண்டு ஜோடி, நீல நிறம். பதினோரு வருடமாக அந்த வேலையை வேறு யாரிடமும் நான் விட்டதில்லை.

தென்றல், போன வாரம் நீங்கள் வாட்ஸப்பில் ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தீர்கள். "சார், அவரோட செருப்பு எங்க?" டெரிக் இறந்து மூன்று மாதம் ஆகிறது. இந்த மூன்று மாதத்தில் எத்தனையோ பேர் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். அவர் கடைசியாக என்ன சொன்னார், கஷ்டப்பட்டாரா, இங்கிலாந்தில் சொந்தம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

செருப்பு என் கடை அலமாரியில் இருக்கிறது. அது எப்படி அங்கே வந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் எனக்குப் பிடிக்காது.

இதை வேறு யாராவது படிக்க நேரலாம் என்பதால் என்னைப் பற்றியும் நாலு வரி. பெயர் ராஜமாணிக்கம், வயது அறுபத்து மூன்று. தேரடித் தெருவில் பாட்டுக் கடை வைத்திருந்தேன். ஜனங்கள் சீட்டில் பாட்டு வரிசை எழுதிக் கொடுப்பார்கள், நான் கேசட்டில் பதிந்து கொடுப்பேன். இப்போது அதே கடையில் செல்போன் உறை விற்கிறேன். எனக்கு இருபத்து நாலு வயதில், ஊரை விட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரர் தேவையில்லை என்று ஒரு கேசட்டை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். இரண்டு பக்கமும் இங்கிலாந்து பீட் குரூப்புகளின் பாட்டு. அன்றைக்குக் கடையை மூடும் வரை அதையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். வாடிக்கைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு இங்கிலீஷ் வந்ததே அந்தப் பாட்டுகளைப் பற்றிப் படிக்க வேண்டும் என்ற வெறியில்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தெருவுக்கு ஒரு பீட் குரூப் இருந்தது. மூன்று கிட்டார், ஒரு டிரம் செட், எல்லாருக்கும் ஒரே மாதிரி கோட்டு. வாசித்தது பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த ஆட்டப் பாட்டு. நாட்டுப்பாடல் பாடுகிறவர்கள் தனி ஜாதி. அவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வெறும் கிட்டாரோடு பாடுவார்கள். மின்சாரம் பட்டால் தீட்டு என்பது அவர்கள் நினைப்பு. இந்த இரண்டும் ஒன்று சேர்ந்ததற்கு 1965இல் அமெரிக்காக்காரர்கள் ஃபோக் ராக் என்று பெயர் வைத்து, தாங்களே பெற்ற பிள்ளை மாதிரி கொண்டாடினார்கள். ஆனால் அதற்கு முந்தைய வருடமே இங்கிலாந்து பீட் குரூப்புகளில் அது முளைத்தாகிவிட்டது. லிவர்பூலில் ஒரு குழு இரண்டு சாதாரண கிட்டார்களைச் சேர்த்து வாசித்துப் பன்னிரண்டு கம்பி கிட்டார் போலக் கலகலக்க வைத்தது. வடக்கேயிருந்து வந்த இன்னொரு குழு, யார் எழுதியது என்றே தெரியாத ஒரு பழைய பாட்டை எடுத்து ஆர்கனோடு முழங்கியது. அந்த முளை முதலில் எங்கே விட்டது என்பதுதான் என் கேள்வி. பன்னிரண்டு வருடம் அதற்காகத்தான் படித்தேன்.

பதிலே ஆள் வடிவில் என் ஊருக்கு வந்து சேர்ந்தது. செங்கம் ரோடில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டு தங்கினார் டெரிக். எல்லா வெள்ளைக்காரர்களையும் போல மலையைப் பார்க்க வந்தார், திரும்பிப் போகவில்லை. என் கடைக்கு கேசட் வாங்க வந்தவர், ஓடிக்கொண்டிருந்த பாட்டைக் கேட்டுவிட்டு, "இந்த டிரம்மர் எனக்கு ஒரு பீர் பாக்கி" என்று இங்கிலீஷில் சொன்னார். பிர்க்கன்ஹெட் என்ற ஊரில் டிராம்மென் என்ற குழுவின் கிட்டார்காரர் அவர். ஒரே ஒரு இசைத்தட்டு போட்டு அதுவும் விற்காமல் கலைந்துபோன குழு. அன்றிலிருந்து இருபத்தேழு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் வீட்டுக்குப் போனேன். ஞாயிறு என் நாள் என்பது வெள்ளையம்மாளுக்குக்கூடத் தெரியும். அவர்தான் டெரிக்குக்குச் சமைத்துப் போட்டவர். டெரிக்கின் தமிழ் முழுக்க அவரிடம் கற்றது.

என்னிடம் டெரிக் சொன்ன கதை இதுதான். 1964 பிப்ரவரி, பிர்க்கன்ஹெட்டில் ஒரு நடனக் கூடம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அவருடைய அப்பா பாடும் ஒரு பழைய கடல் பாட்டு, போன தம்பி திரும்பி வராத பாட்டு. மூன்று தட்டுத் தாளத்தில் ஊஞ்சல் மாதிரி போவது. அதை மின்கிட்டாரில், டிரம்மோடு, நாலு தட்டு ஆட்டப் பாட்டாக மாற்றினால் எப்படி இருக்கும் என்று டெரிக் வாரக்கணக்கில் யோசித்தாராம். அன்று துணிந்து வாசித்தாராம். கூடம் ஒரு நிமிடம் திகைத்து நின்று, பிறகு ஆடியதாம். மற்றவர்கள் எல்லாரையும்விட ஆறு மாதம் முந்தி. யாரும் பதிவு செய்யவில்லை. டெரிக்கின் வாய் ஒன்றுதான் சாட்சி, என் காது ஒன்றுதான் அதைக் கேட்டது. நான் எழுதிய நானூற்றுப் பன்னிரண்டு பக்கக் கையெழுத்துப் பிரதியில் ஏழாவது அத்தியாயம் அதுதான். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் அதைத் தாங்கத்தான் நிற்கின்றன.

அந்தப் பாட்டை ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள் என்று எத்தனை ஞாயிறு கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. "விரல் செத்துப் போச்சு மாணிக்கம்" என்பார். பாடவாவது செய்யுங்கள் என்றால், "தொண்டையும்தான்." கிட்டார் பெட்டி பரண் மேலேயே இருந்தது. நான் வற்புறுத்தவில்லை. ஒருவர் முடியாது என்றால் முடியாதுதான் என்று நம்புகிறவன் நான்.

அவருடைய கால்களும் செத்துப்போயிருந்தன. அது உண்மையாகவே. பதினோரு வருடத்துக்கு முன்னால் செருப்பில் ஏறிய ஓர் ஆணியோடு இரண்டு நாள் நடந்திருக்கிறார், தெரியவே இல்லை. வெள்ளையம்மாள் தரையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு எனக்கு ஆள் அனுப்பினார். வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார்: "அவருக்குச் சூடு, குத்து, எதுவும் தெரியாது. வெறுங்கால்ல ஒரு அடி வைக்கக் கூடாது. இனிமே நீங்கதான் அவருக்குக் காலு." அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் முதல் வேலையாக அவர் பாதத்தைத் திருப்பிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். "என் காலு உங்கிட்டதான் இருக்குது மாணிக்கம்" என்று சிரிப்பார். அதைக் கேட்கும்போது எனக்கு இருந்த பெருமையை இப்போது எழுதும்போதும் உணர்கிறேன்.

நீங்கள் வந்தது ஜனவரியில். சிற்றிதழில் வந்த என் கட்டுரையைப் படித்துவிட்டுக் கடையைத் தேடிக்கொண்டு வந்தீர்கள். கீழ்பென்னாத்தூர்ப் பெண், சென்னையில் ஒரு குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன் என்றீர்கள். உங்கள் அம்மா கடலைக்காய் பிடுங்கும்போது பாடும் பாட்டுகளை மின்கிட்டாரில் வாசிப்பதாகச் சொன்னீர்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. நானே உங்களை டெரிக்கிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

மூன்றாவது தடவை நீங்கள் வந்தபோது பரணிலிருந்து கிட்டார் இறங்கியிருந்தது.

நான் உள்ளே நுழைந்தபோது அவர் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். விரல் மெதுவாகத்தான் நகர்ந்தது, ஆனால் நகர்ந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. "இன்னா மாணிக்கம், லேட்டு? பொண்ணுக்கு டீ போட ஆளில்ல, வெள்ளையம்மா லீவு" என்றார். நான் டீ போடப் போனேன். சமையலறையில் நின்றபடி நீங்கள் பேசியதைக் கேட்டேன். உங்கள் டிரம்மர் அறிவுச்செல்வனைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

"எங்கம்மா பாட்டு மூணு தட்டுங்க. அவன் நாலுதான் தட்டுறான். எத்தன தடவ சொன்னாலும் கை அங்கயே போவுது."

டெரிக் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும் வரை சிரித்தார். "எங்க டிரம்மர் ரெஜிக்கும் அதே நோவு. நாலுக்கு மேல அவனுக்கு ஒண்ணுமே தெரியாது, மூணும் தெரியாது. அன்னிக்கு எங்கப்பா பாட்ட நான் சும்மா எடுத்தேன், இன்னொரு கிட்டார்ல கம்பி அறுந்து மாத்தினு இருந்தாங்க, அந்த நேரத்த ஓட்டறதுக்கு. ரெஜி தூங்கினு இருந்தவன் முழிச்சிக்கினு நாலு தட்ட ஆரம்பிச்சிட்டான். நிறுத்துடான்னா நிறுத்தல. ஜனம் ஆடுது. நான் இன்னா பண்றது, பாட்ட இழுத்து இழுத்து அவன் நாலாவது தட்டுல கொண்டாந்து வெச்சேன். அவ்ளோதான்."

"ஆனா மாணிக்கம் சார் எழுதினதுல நீங்க வாரக்கணக்கா யோசிச்சீங்கன்னு இருக்குதே?"

"மாணிக்கம் மொகத்த பாத்திருக்கணும் நீ. அந்தக் கத அவனுக்கு ரொம்பப் புடிச்சிருந்துச்சு. மாத்த மனசு வரல."

இருவரும் சிரித்தீர்கள். நீங்கள் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். டீயை எடுத்துக்கொண்டு வந்து நானும் கூடச் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் அந்தப் பாட்டை முதல் நாலு வரி வாசித்தார். உங்களைப் பார்த்துக்கொண்டே வாசித்தார். நீங்கள் பேஸில் கூடவே போனீர்கள். இடையில் நிறுத்தி, "இல்லங்க, இங்க ஒரு தட்டு விட்டுட்டீங்க" என்றுகூடச் சொன்னீர்கள், அவர் திருத்திக்கொண்டார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. இருபத்தேழு வருடம் கேட்டும் கிடைக்காதது, மூன்றாம் தடவையிலேயே உங்களுக்குக் கேட்காமலே கிடைத்தது. அது பொறாமை இல்லை, நியாயம் கேட்பது. இந்த வித்தியாசத்தை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் போன பிறகு அவர், "புக்குல அந்த சாப்டர மாத்திக்க மாணிக்கம்" என்றார், உப்பு கம்மி என்று வெள்ளையம்மாளிடம் சொல்வது மாதிரி. பிறகு என் முகத்தைப் பார்த்து, "கோவமா?" என்றார்.

"எதுக்குக் கோவம்" என்றேன். கால்களைத் திருப்பிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன.

ஏப்ரலில் நீங்கள் முடிவு செய்தீர்கள். மே பத்தொன்பது, திங்கட்கிழமை. உங்கள் குழுவே சென்னையிலிருந்து வரும், டெரிக் வீட்டுக் கூடத்தில் மைக் வைத்து, பாட்டையும் கதையையும் அவர் வாயாலேயே பதிவு செய்வீர்கள். உலகம் முழுக்கக் கேட்கும் என்றீர்கள். தூங்கி எழுந்த ஒரு டிரம்மரின் கோளாறில் பிறந்ததுதான் ஃபோக் ராக் என்று உலகம் முழுக்கக் கேட்கும். என் பெயரை நன்றியில் போடுவதாகச் சொன்னீர்கள்.

அவரை ஒரு வாரம் படுக்க வைக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். ஒரு வாரம். உங்கள் குழு திரும்பிப் போயிருக்கும், அறிவுச்செல்வனுக்கு வேறு கச்சேரி இருக்கும், உற்சாகம் வடிந்திருக்கும். பிறகு பழையபடி ஞாயிற்றுக்கிழமைகள்.

பதிவுக்கு முன்னால் ஒரு தடவை மலை சுற்ற வேண்டும் என்பது டெரிக்கின் ஆசை. அதை நான் அவர் மனதில் போடவில்லை. கால் மரத்துப்போன பிறகு இரண்டு தடவை செருப்போடு சுற்றியிருக்கிறார், எதிரே வந்தவர்கள் அவர் காலைப் பார்த்த பார்வை அவருக்குக் கூச்சமாகிவிட்டது. அதற்கப்புறம் போகவே இல்லை. பதினாறாம் தேதி வெள்ளிக்கிழமை காலையில் நான் போனபோது கிளம்பித் தயாராக நின்றார், நீலச் செருப்போடு.

"வெறுங்கால்ல போலாம் டெரிக். செருப்பு போட்டு மலை சுத்தறவங்க யாரு?" என்றேன்.

"டாக்டரம்மா திட்டுவாங்க."

"நான் எதுக்கு இருக்கறேன்? வழியெல்லாம் நான் பாத்துக்கறேன்."

அவர் உடனே கழற்றிவிட்டார். அவ்வளவு நம்பிக்கை. செருப்பை என் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். அப்போது மணி பத்தரை. கத்திரி வெயில். அந்த நேரத்தில் கிரிவலப் பாதையில் மனிதர்களைவிட நாய்கள் ஜாஸ்தி, அவையும் நிழலில்தான்.

மண் ஓரத்தில் கல் குத்தும் என்று அவரைத் தார் ரோட்டிலேயே நடக்கச் சொன்னேன். நானும் வெறுங்கால்தான், ஆனால் மர நிழலில் மண் மேல் நடந்தேன். எனக்குச் சூடு தெரியும். எம லிங்கத்தில் திருநீறு பூசிக்கொண்டோம். நிருதி லிங்கம் தாண்டும்போது அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். நான் கூட இருப்பது தெரியாதவர் மாதிரி, கையால் தொடையில் நாலு தட்டு தட்டிக்கொண்டு. அடி அண்ணாமலைக்கு அப்புறம் ஓர் இளநீர்க் கடையில் நின்றோம். கடைக்கார அம்மா ரோட்டைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், ஐயா நடந்து வந்த எடமெல்லாம் ஈரமா கீது?" என்றார். திரும்பிப் பார்த்தேன். தாரின் மேல் பாதத் தடம், வரிசையாக, ஒவ்வொன்றும் சில நொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"சூட்டுக்குத் தண்ணி ஊத்திக்கினாருமா" என்றேன்.

டெரிக் குனிந்து பார்க்க முயன்றார். பாதியில் விடக் கூடாது, நேரமாகிறது என்றேன். நடந்தார். பதினாலு கிலோமீட்டர் முழுவதும் அந்தச் செருப்பு என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. எந்த இடத்திலும் எடுத்துக் கொடுத்திருக்கலாம். வாயு லிங்கத்தில் அந்த நினைப்பு வந்தது. குபேர லிங்கத்திலும் வந்தது. கொடுத்திருந்தால் ஏன் முதலிலேயே கொடுக்கவில்லை என்று கேட்டிருப்பார்.

நாலு மணிக்கு வீடு வந்தோம். கட்டிலில் உட்கார்ந்து, வழக்கம் போலக் காலை என் பக்கம் நீட்டினார். நான் பார்த்ததை எழுதப் போவதில்லை. பாதத்தின் அடித்தோல் தன் இடத்தில் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

"எப்படி கீது?" என்றார்.

"லேசா கொப்புளம். மருந்து வெச்சிக் கட்டிடறேன்."

"வலிக்கல மாணிக்கம்."

"வலிக்காது" என்றேன்.

மறுநாள் காலையில் ஒரு பலகை எழுதினேன். வெள்ளைப் பெயின்டில், தமிழிலும் இங்கிலீஷிலும். "மௌனம். தயவுசெய்து அழைக்க வேண்டாம்." உங்களுக்குத் தெரியும், இந்த ஊரில் அப்படி ஒரு பலகை தொங்கினால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். வாரக்கணக்கில், வருடக்கணக்கில் பேசாமல் இருப்பவர்களைப் பார்த்துப் பழகிய ஊர். பேப்பர்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். வெள்ளையம்மாள் மட்டும் கொஞ்சம் நின்றார்.

"சாப்பாடு?"

"பழம் மட்டும். நான் பாத்துக்கறேன். பத்து நாள் நீங்க ஊருக்குப் போயிட்டு வாங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம மௌனம் பூந்துட்டாரா?" என்று கேட்டார். பிறகு வாசலைப் பார்த்து, "செருப்பக் காணோமே" என்றார். உள்ளே எடுத்து வைத்திருக்கிறது என்றேன். உங்கள் கேள்வி அவரிடமிருந்துதான் கிளம்பியிருக்கும், அதில் எனக்கு வருத்தமில்லை. அவர் எதையும் மறக்காதவர்.

டெரிக்கிடம், உங்கள் குழு பதிவைத் தள்ளி வைத்துவிட்டது என்றேன். உங்களிடம், டெரிக் மௌனத்தில் இறங்கிவிட்டார் என்று செய்தி அனுப்பினேன். "ஐயோ, சரிங்க சார். அவர் மனசு போல. நாங்க வெயிட் பண்றோம்" என்று பதில் போட்டிருந்தீர்கள். மரியாதை தெரிந்த பெண். அவர் செல்போனை வாங்கி அணைத்து வைத்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் வாடை வந்தது. சாம்பிராணி போட்டேன். பக்கத்து வீட்டில் பூஜை என்று நினைத்திருப்பார்கள். அவருக்கு வலி இல்லாததால் அவருக்கே பயம் வரவில்லை, அது ஒரு நல்ல விஷயம். டாக்டரம்மாவைக் கூப்பிடட்டுமா என்று நானே இரண்டு தடவை கேட்டேன். "நீ பாத்தா போதும்" என்றார். அவருடைய விருப்பத்தை நான் மீறவில்லை. ஒருவேளை மூன்றாவது தடவை கேட்டிருக்கலாம். நெற்றியில் ஈரத்துணி போட்டேன், கஞ்சி ஊட்டினேன், துடைத்துவிட்டேன், துணி மாற்றினேன். பெற்ற பிள்ளைகூட அப்படிச் செய்ய மாட்டான். அந்த நாட்களில் அவர் முழுக்க என்னோடுதான் இருந்தார். பழைய கதைகளைத் திரும்பக் கேட்டேன், சொன்னார். ரெஜி கதை மட்டும் வேண்டாம் என்றேன், சொல்லவில்லை.

எட்டாம் நாள், இருபத்து மூன்றாம் தேதி, மாலை நாலு மணிக்கு அவர் பாட ஆரம்பித்தார்.

நான் கேட்கவில்லை. கண் மூடியிருந்தது, உடம்பு கொதித்தது. கட்டில் சட்டத்தில் விரலால் தட்டிக்கொண்டு, அப்பா பாடியது போலவே, மூன்று தட்டில், ஊஞ்சல் மாதிரி. நான் செல்போனை எடுத்துத் தலையணை ஓரத்தில் வைத்துப் பதிவை அழுத்தினேன். இருபத்தேழு வருடம். வேறு யாரும் இல்லாத வீட்டில், எனக்கு மட்டும்.

முதல் அடி முடியும்போது நீங்கள் வந்தீர்கள். பலகையைப் படித்திருப்பீர்கள், கொஞ்சம் தயங்கியிருப்பீர்கள். பிறகு வாசல் இரும்புக் கதவில் தொங்கிய பூட்டால் அதிலேயே தட்டினீர்கள். நாலு தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி நாலு தட்டு. டெரிக் பாட்டை நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அடுத்த அடியை நாலு தட்டில் எடுத்தார்.

ரெஜிக்குச் செய்தது போலவே. சொல்லை இழுத்து இழுத்து, ஒவ்வொரு வரியையும் உங்கள் நாலாவது தட்டில் கொண்டுவந்து வைத்தார். கூடத்தில் ஜனம் ஆடுவது மாதிரி அவர் தோள் அசைந்தது. நீங்கள் நிறுத்திய பிறகும் விரல் அதே கணக்கில் தட்டிக்கொண்டிருந்தது.

"அந்தப் பொண்ணு வந்துட்டாளா?" என்றார்.

"யாரும் இல்ல டெரிக். காத்து."

மே மாதத்தில் எங்கே காற்று. நீங்கள் கதவிடுக்கில் சீட்டு ஒன்று செருகிவிட்டுப் போனீர்கள். "மௌனம் முடிஞ்சதும் கூப்டுங்க டெரிக். பாட்டு ரெடி." அதுவும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்தார். வந்த டாக்டர் வயதையும் சர்க்கரையையும் கேட்டு எழுதிக்கொண்டு போனார். கால்களைச் சுற்றி நான் வெள்ளைத் துணி கட்டியிருந்தேன். நீங்கள் மயானத்தில் அழுததைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசி வரைக்கும் நீங்கதான் சார் பாத்துக்கினீங்க" என்றீர்கள். ஆமாம் என்றேன்.

செருப்பை இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன். கடிதத்தின் நகல் ஒன்று டவுன் போலீஸ் ஸ்டேஷனுக்கும் போகிறது. ஆவணங்கள் முழுமையாக இருக்க வேண்டும். டெரிக்கைக் கொன்றது நான்தான் என்று அதில் தனியாக ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவர்களுக்குச் சுருக்கமாக வேண்டும்.

பதிவை மட்டும் அனுப்ப மாட்டேன். நாலு நிமிடம் பதினோரு நொடி. மூன்று மாதமாகத் தினமும் கடை திறந்தவுடன் கேட்கிறேன். உங்கள் தட்டுச் சத்தத்தை அதிலிருந்து நீக்கிவிடப் பார்த்தேன். அதற்குக் கம்ப்யூட்டரில் வழி இருக்கிறது, நான் நாற்பது வருடம் ஒலியோடு இருந்தவன். நீக்கினேன். நீக்கிக் கேட்டால் பாட்டு நிற்கவில்லை. ஒவ்வொரு வரியும் இல்லாத ஒன்றின் மேல் காலை வைத்துத் தடுக்கி விழுகிறது. மறுபடி சேர்த்து வைத்துவிட்டேன்.

அவருக்குச் செருப்பு தைத்து வாங்கியவன் நான். இருபத்தேழு வருடம் ஞாயிறு தவறாதவன் நான். அந்த ஒன்பது நாளும் பக்கத்தை விட்டு எழாமல் துடைத்துவிட்டவன் நான். நீங்கள் வெளியே நின்று இரண்டு நிமிடம் கதவைத் தட்டினீர்கள். அவர் உங்கள் தட்டுக்குப் பாடினார். இதையெல்லாம் படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள் தென்றல், டெரிக், நான், எங்கள் இரண்டு பேரில் துரோகம் செய்தது யார்?